அறுக்காமல் விட்ட கதிர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. என் மூத்த பிள்ளை ஏழு மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனபின், நான் வேதக்கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். உபதேசியார் வீட்டுக்கே வந்து, கர்த்தரின் சித்தம் என்றார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மரியாதையாக இருந்திருக்காது.

பகலெல்லாம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் போகமான கன்னிப்பூ நெல் தலைசாய்ந்திருந்த ஆவணி மாதம். வெள்ளை மார்பும் குட்டை வாலுமாக ஒரு கானாங்கோழி ஒரே இடத்தில் நெல்லுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. ஒருநாள் இறங்கிப் போய்க் கதிரை விலக்கிப் பார்த்தேன். தாள்களை வளைத்துக் கட்டிய கூட்டில் ஆறு முட்டைகள். ஒன்றைத் தொட்டேன், சூடாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு என் பொழுதெல்லாம் அந்தக் கோழியோடுதான். கூட்டுக்குத் திரும்பத் தாமதித்தால் எனக்குக் கோபம் வரும். ஊர் சுற்றியது போதும், வீட்டுக்குப் போ என்று திட்டுவேன். வீட்டுக்காரர் காதில் விழாதது போல இருந்துவிடுவார்.

குஞ்சு பொரிக்கும் முன்பே அறுப்பு வந்துவிட்டது. அறுக்க வந்தவர்களில் மூத்தவளிடம் போய், "அக்கா, அந்தக் கூட்டைச் சுத்தி மட்டும் விட்டுருங்க" என்றேன்.

"விட்டா தனியா நிக்குமே மக்கா. எல்லாக் கண்ணுக்கும் தெரியும்லா."

"தெரிஞ்சா தெரியட்டும். அதுல அரிவாள் படப்பிடாது."

அவள் தலையாட்டிவிட்டு வயலில் இறங்கினாள். மத்தியானத்துக்குள் வயல் மொட்டையாகிவிட்டது. நடுவே ஒரு பாய் அளவுக்குக் கதிர் நின்றது. கோழி திரும்பி வந்து அதற்குள் நுழைந்ததைப் பார்த்ததும், மாதங்களுக்குப் பிறகு முழங்கால் போட்டேன். இந்த ஆறையாவது விட்டுவை என்று கர்த்தரிடம் கேட்டேன்.

வெயில் இறங்குமுன் மேற்கு வரப்பில் ஒரு கீரி ஏறி நின்றது. அங்கும் இங்கும் தேடவில்லை. வடசேரிச் சந்தைக்குப் போகிறவனைப் போல நேராக அந்தக் கதிருக்குப் போனது. வேறு எங்கே போகும், அந்த வயலில் வேறு என்ன இருந்தது? கத்திக்கொண்டு ஓடினேன். அறுத்த தாள் உள்ளங்காலைக் கிழித்தது. போய்ச் சேர்ந்தபோது ஓடுகள்தான் கிடந்தன. ஒன்றுக்குள் ஈரத்தோடு ஒரு சின்னக் கால் இருந்தது.

கோழி அன்றிலிருந்து தாழைப் புதரில் நின்று கத்தியது. எத்தனை நாள் என்று எண்ணவில்லை. அது ஓய்ந்தபிறகும் எனக்குக் கேட்டது. பின்னால் பிறந்த பிள்ளைகள் தொட்டிலில் அழும்போதுகூட, கோழியா பிள்ளையா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

அடுத்த வருஷ அறுப்புக்கும் அதே பெண் வந்தாள். எனக்கு அப்போது ஆறு மாதம். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எங்கயாவது விடணுமா மக்கா?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் அறுத்துருங்க" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வருஷம் நெல்லுக்குள் கூடு இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை.