காந்தம் பொறுக்கிய கோழிக்கடைச் சந்திரன்

ஆலுவா ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது பைஜு கூப்பிட்டான். “எடா, நம்ம சந்திரனைக் குத்திட்டாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே போயிட்டான்.” தோப்பும்படியில் ஒரு மதுக்கடை வாசல். பைக் நிறுத்தியதில் தகராறு. வயிற்றில் இரண்டு குத்து. முதலில் கை நீட்டியது யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சந்திரனை அறிந்த உங்களில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மட்டாஞ்சேரிச் சந்தையில் கோழிக்கடைச் சந்திரனைத் தெரியாதவர் இல்லை. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆனால் பஜார் சாலையில் பூட்டிக் கிடக்கும் சுக்குக் கிடங்கின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வந்து உட்கார்ந்த சந்திரனை நாங்கள் மூன்று பேர்தான் அறிவோம். கப்பல்களுக்கு மளிகை ஏற்றும் பைஜு, பல் மருத்துவர் ஹனீபா, வெலிங்டன் தீவில் சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான்.

மேசைமேல் போர் நடத்துவது எங்கள் விளையாட்டு. கட்டைவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் வீரர்கள். எவன் எத்தனை அங்குலம் பாயலாம் என்பதை அளவுநாடா சொல்லும். எவன் வெட்டுப்பட்டுச் சாவான் என்பதைப் பகடை சொல்லும். இந்த வாரம் வாள் பிடித்தவனுக்கு அடுத்த வாரம் தீ உமிழும் துப்பாக்கி வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வீரனை வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் தோளிலும் ஆயுதத்திலும் துளை போட்டுப் பொட்டு அளவுக் காந்தங்களைப் பதிப்போம். வேண்டியதை மாட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம். எங்கள் நால்வர் படைக்கும் காந்தம் பொறுக்கியவன் சந்திரன்.

தொடக்கத்தில் பைஜு வாங்கி வந்தவை இரண்டு மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ளவை. எல்லா இடத்துக்கும் அதையே பதித்தோம். சந்திரனின் தளபதி கோடரியை ஓங்கிக்கொண்டு எங்கள் வரிசைக்குள் பாய்ந்த அந்தக் கணத்தில் கை தோளிலிருந்து கழன்று விழுந்தது. பைஜு சிரித்தான். சந்திரன் தளபதியை எடுத்துச் சுவரில் அறைந்தான். அப்புறம் காந்த டப்பா பறந்தது. அப்புறம் நாற்காலி.

அடுத்த ஞாயிறு கடையில் கோழி மூட்டுப் பிரிக்கும் கத்தியோடு வந்தான். உட்கார்ந்து எல்லா வீரர்களின் கைகளையும் அறுத்தெடுத்தான். மேசை முழுக்கக் கைகள். “மூட்டுல வெட்டணும்டா. எலும்புல வெட்டினா சிதறிப் போகும்” என்றான். மணிக்கட்டுக்குப் பழைய காந்தமே மதி, போதும் என்று ஒதுக்கினான். தோளுக்கு மூன்று மில்லிமீட்டர், அதுவும் இரட்டைக் கனத்தில். பெரிய போர் எந்திரங்களின் பீரங்கிக்கு ஐந்து. நீளத் துப்பாக்கியென்றால் எடை முனையில் இருக்கும், மெல்லிய காந்தம் தாங்காமல் குழல் தலைகவிழும் என்று முன்கூட்டியே சொல்வான். உடம்பில் பதிக்கிற காந்தத்துக்கு ஒரே முகம் வெளியே, ஆயுதத்துக்கு அதன் எதிர்முகம். ஒன்று மாறினாலும் ஆயுதம் ஒட்டாமல் துள்ளி ஓடும். பசை காய்ந்ததும் வீரனைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவான். “கை விழுந்தா காந்தம் போறாது. பிடுங்கும்போ தோளும் சேர்ந்து வந்தா காந்தம் கூடிப்போச்சு.”

எனக்கு ஒரு பல் இல்லை. அதுவும் அவன் கைவேலை. ஒரு மழை நாளில் பகடை எனக்குச் சாதகமாகவே விழுந்தது. அவனுடைய கடைசி வரிசையை நான் வழித்தெடுத்தபோது, “கோழிக்கடைக்காரன் படை, கோழி மாதிரியே சாகுது” என்று சொல்லிவிட்டேன். மேசைக்குக் குறுக்கே வந்த முஷ்டியை நான் பார்க்கவே இல்லை. வீரர்களுக்கு நடுவே பல்லும் ரத்தமும் கிடந்தன. ஹனீபா பல்லைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இதுக்குக் காந்தம் வைக்க முடியாது” என்றார். வாயில் துணியை அடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அடுத்த வாரம், என்னுடைய போர் எந்திரத்தை அவனே காந்தம் பதித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நான் உலுக்கினேன். பீரங்கி அசையவில்லை. “நோக்கினியா?” என்றான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் வாயால் நான் கேட்டதில்லை.

அவனுக்காக நான் உண்மையில் பயந்தது வேறொரு ஞாயிற்றுக்கிழமை. கீழே சாலையில் கூச்சல் கேட்டது. ஓர் ஆட்டோக்காரர் எங்கள் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார். நெற்றி பிளந்திருந்தது. பின்னால் மூன்று பேர், கையில் வடிவாள். நாங்கள் எழுவதற்குள் சந்திரன் கதவின் இரும்புத் தாழ்க்கட்டையை உருவிக்கொண்டு படியில் இறங்கிவிட்டான். முதல் வாள் அவன் முழங்கைக்குக் கீழே இறங்கியது. அவன் நிற்கவில்லை. ஒருவனுடைய தாடை உடைகிற சத்தம் மேலேவரை கேட்டது. இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மூன்றாவது ஆள் கீழே விழுந்து கும்பிட்டான். சந்திரன் அடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் மூவரும் அவன் இடுப்பையும் கழுத்தையும் பிடித்து இழுத்திராவிட்டால் அன்று ஒரு கொலை விழுந்திருக்கும். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கோபமே இல்லை. தூங்கி எழுந்தவன் முகம் போல நிம்மதியாக இருந்தது. அந்த ஆட்டோக்காரர் இன்று உயிரோடு இருக்கிறார். சந்திரனின் பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான்.

காரியங்கள் முடிந்த மறுநாள், மாடியிலிருந்த அவன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி லதா சாயா கொடுத்தார். ஹனீபா சந்திரனுடைய தைரியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். படிக்கட்டுக் கதையைச் சொன்னார். லதா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு அந்தக் கதை தெரியும் டாக்டரே. தாழ்க்கட்டையால அடிச்சா எப்படி இருக்கும்னும் தெரியும்” என்றார். புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். தோள்பட்டை எலும்பு ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது.

ஹனீபா சாயாவைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் இந்த வீட்டுல யாரும் அடி வாங்கல. உங்ககிட்டேர்ந்து வந்தா குளிச்சிட்டு, சோறு தின்னுட்டு, நல்லா உறங்குவாரு. பெண்குட்டிங்க ரெண்டும் பக்கத்துல போய் உட்காரும். மத்த ஆறு நாளும் அதுங்க கட்டிலுக்கு அடியில. பின்னே, உங்களுக்குக் கிடைச்ச ஆளு வேற, எனக்குக் கிடைச்ச ஆளு வேற.”

பைஜு அழுதான். லதா அழவில்லை. “கடையை நான் திறக்கப் போறேன். கோழி வெட்ட எனக்கும் தெரியும்” என்றார்.

நல்லதாக நாலு வரி எழுது என்று நண்பர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தபோது லதாவின் தோள்தான் முன்னால் வந்தது. அவன் என் நண்பன். பத்துப் பேர் ஓடுகிற இடத்தில் நிற்கிறவன். யாரோ ஒருவருக்காகத் தன் கையை வெட்டக் கொடுத்தவன். ஓர் இரவு கையை அடக்க முடிந்தவனுக்கு மற்ற ஆறு இரவும் முடிந்திருக்கும். முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இந்தக் கோபம் அவன்மேல் எனக்கு இருக்கும், நான் இருக்கிறவரை.

கிளம்பும்போது லதா பெட்டிகளைத் திருப்பித் தள்ளினார். “இது இந்த வீட்டுல வேணாம். கொண்டு போயி கடல்ல போடுங்க, இல்ல யாருக்காவது கொடுங்க.” ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். யோசித்தார்.

“எடுத்துக்கோ. கத்தி இல்லாததாப் பார்த்து எடு.”

பெட்டிக்குள் தேடினேன். எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. கடைசியில் ஒருவனை எடுத்து, அவன் மணிக்கட்டிலிருந்து ஈட்டியைக் கழற்றி லதாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தார்.

வெறுங்கையோடு இருக்கும் அந்த வீரன் என் வீட்டில் இருக்கிறான். சந்திரனிடமிருந்து எனக்கு அவன் போதும்.