கேட்டில் வைத்துக் கேட்ட கேள்வி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் எட்டுப் பேர், திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்கள், ஒரு குழு வைத்திருக்கிறோம். மனம் ஒடிந்து கிடக்கும் பழைய சகாக்களைப் போய்ப் பார்ப்பது, பேசுவது, அவ்வளவுதான் வேலை. அதற்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும், கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்றார்கள். பயிற்சியில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நான் தடுமாறாமல் கேட்டுக் காட்டினேன். கைதட்டல் வேறு.

ஆனால் என் பட்டாலியனில் வண்டி ஓட்டியவனிடம் நான்கு முறை போயும் என்னால் கேட்க முடியவில்லை.

அவன் அயனம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. அவன் மனைவிதான் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, அவரு தூங்கறதே இல்ல. மெடலு, வாட்ச்சு எல்லாத்தையும் தம்பி ஊட்ல குடுத்துட்டு வந்துட்டாரு. கேட்டா, இனிமே எனக்கு இன்னாத்துக்குன்றாரு."

போகும்போதெல்லாம் அவன், "நல்லா கீறேன் அண்ணாத்தே" என்பான். பிறகு லிஃப்ட் ரிப்பேர், கொசு, ஏரியில் தண்ணீர் ஏறிய கதை. நானும் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். அவன் மேல் எரிச்சல் வரும். என் மேல் அதைவிட. அவன் தம்பியோ, "மிலிட்டரிக்காரனுக்கு இன்னா சார் மனசு சரியில்ல?" என்று என்னையே கேட்டான்.

ஐந்தாவது முறை, பகல் பன்னிரண்டு மணிக்கு, கேட்டில் வைத்துக் கேட்டே விட்டேன். கேட்டு முடிக்கவில்லை, ஹாரன். காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "செக்யூரிட்டி, தூங்குறீங்களா?" என்றார். அவன் ஓடிப் போய்த் திறந்தான். திரும்பி வருவதற்குள் பார்சல்காரர் வந்து பி பிளாக் எங்கே என்றார். அடுத்து தண்ணீர் லாரி. "ரைட்ல ஒடி, வா, வா, வா" என்று அவன் லாரிக்கு வழி காட்ட, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முகத்தைத் துடைத்தபடி வந்தவன், "இன்னா கேட்ட?" என்றான்.

மறுபடி கேட்டேன். கத்திவிட்டேன் போல, பார்சல்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் வருகைப் பதிவேட்டைக் குனிந்து பார்த்தான். "ஒரு மாசமா தோணிகினேதான் கீது."

"இன்னிக்கி?"

"இன்னிக்கும்தான்."

அவனைத் தனியாக விடக் கூடாது. ஆனால் குடியிருப்புச் சங்கச் செயலாளர், "மாத்து ஆள் இல்லாம கேட்டை விட்டுப் போக முடியாது சார். ரூல்ஸ்" என்றார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கரையான்சாவடியில் இருக்கும் எங்கள் குழு சுபேதாருக்குப் போன் போட்டேன். ஷேர் ஆட்டோ பிடித்து, வீட்டு லுங்கியோடு வந்து செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "போங்கப்பா, நான் பாத்துக்கறேன்." செயலாளர் லுங்கியைப் பார்த்தார். பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவன் சட்டென்று, "மொத தபாவே கேக்க வேண்டியதுதான? சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

ராணுவ ஆஸ்பத்திரி கவுன்டரில், படையிலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஒரிஜினல் கேட்டார்கள். போனில் இருந்த படம் செல்லாதாம். "வா அண்ணாத்தே, ஊட்டுக்குப் போலாம்" என்று எழுந்தவனின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் மனைவி ஆவடி வீட்டிலிருந்து பஸ் மாறிப் புத்தகத்தைக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை நான் அவன் கையை விடவில்லை. பாத்ரூம் வாசல்வரை கூடப் போனேன். உள்ளே டாக்டரம்மா அதே கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார். அவன் உடனே பதில் சொன்னான். பத்து நாள் உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள்.

இப்போது வேறு இடத்தில், பகல் டியூட்டி மட்டும். தூக்கம் வருகிறது. தம்பி வீட்டிலிருந்து வாட்ச்சை வாங்கிவந்து கட்டியிருக்கிறான். ஆனால் மாத்திரையை மட்டும் வாரத்தில் ஒரு நாளாவது மறப்பான். அதனால் தினமும் காலையில் போன் செய்கிறேன்.

"முழுங்கிட்டேன், வை" என்பான். மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, அவளிடமும் கேட்ட பிறகுதான் வைப்பேன்.