ஜெயதாஸின் ரயில் கத்தி

எங்கள் ஜெயதாஸுக்குப் பயம் எல்லாம் தரையில்தான். நாய் என்றால் பயம், இடி என்றால் பயம். பாறசாலைச் சந்தியில் காக்கி நிறத்தைக் கண்டால் போதும், தபால்காரருக்கும் வழிவிட்டு ஒதுங்குவான். தென்னையில் ஏறிவிட்டால் மட்டும் ஆள் வேறு. காற்றில் மரம் ஆட ஆட, மேலே இருந்துகொண்டு பாட்டுப் பாடுவான். "உங்களுக்கு வீடு மேலயாக்கும் கட்டணும்" என்று அவன் பெண்டாட்டி மரியம்மா சொல்லுவாள்.

தேங்காய் வெட்டுவதும் மரங்களின் கொம்பு கழிப்பதும் அவன் தொழில். நான் பொன்னப்பன், அவனுக்குப் பக்கத்து வீடு, ரப்பர் வெட்டுகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், கத்தி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் ஜெயதாஸ் நேரே தாணு ஆசாரியின் கொல்லப்பட்டறைக்கு வந்துவிடுவான். நானும் வருவேன். இறைச்சிக்கடை கனகதாஸ் எனக்கு முன்னாலேயே அங்கே இருப்பார். அன்று ஆசாரி உலை மூட்டமாட்டார். வாய்தான் ஊதும்.

தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு காலம். அப்போது ஊரில் எல்லாருக்கும் ஜீப் லீஃபில் அடித்த கத்திதான் வேண்டும். ஜீப்புக்கு அடியில் குலுக்கலைத் தாங்குகிற பட்டைக்குத்தான் லீஃபு என்று பேர். வளையாது, முறியாது, தீட்டினால் சொன்னபடி கேட்கும் என்பது ஊர் அபிப்பிராயம். கனகதாஸ் ஒப்புக்கொள்ளமாட்டார்.

"லீஃபு மந்தனுக்குள்ளதாக்கும். பழைய அரத்துல அடிச்ச கத்தியப் பாரும், தாடி வழிக்கலாம்."

"எலும்புல பட்டா பல்லு போவுமே ஓய்?" என்று நான் சீண்டுவேன்.

"எலும்புல படும்படியா வெட்டுறவன் கத்தி பிடிக்கப்பிடாது."

என் கட்சி, மர மில்லின் பழைய வாள்துண்டு. மெலிசு, சட்டென்று கூர் ஏறும். ஒருமுறை ஒருத்தன் எவர்சில்வர் கத்தி வாங்கிவந்து காட்டினான். "கேக்கு வெட்டக் கொள்ளாம்" என்று ஆசாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் பேச்சு எப்போதும் தண்டவாள இரும்பில் போய் நிற்கும். அதைத் தொட்டால் கேஸ். ஒருத்தரும் தொட்டதில்லை, அதனால் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயதாஸ் ஒரு புதுக் கத்தியைக் கொண்டுவந்தான். அம்பூரியில் ஒரு கொல்லனிடம் அடித்ததாம். காய்ந்த அயினி மரக் கணுவில் ஓங்கிப் போட்டோம். என் கத்தி மடங்கியது, கனகதாஸின் அரக்கத்திக்குப் பல் போயிற்று. ஜெயதாஸின் கத்தியில் ஒரு கீறல் இல்லை. கனகதாஸ் அதை வாங்கிக் காதருகே வைத்து நகத்தால் சுண்டினார். அவருடைய சோதனை அதுதான். வெகுநேரம் கேட்டார்.

"எலே, இது லீஃபு இல்ல. என்ன இரும்புலே?"

ஜெயதாஸ் கொஞ்சம் விழித்தான். பிறகு, "ரயிலாக்கும்" என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சரியாக அடுத்த வாரம், எங்கள் ஊருக்கு வடக்கே ரயில் பாதையில், தண்டவாளத்தையும் தண்டவாளத்தையும் இணைக்கிற இரும்புத் தகடுகளை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். பாதையைப் பார்த்துக்கொண்டு வந்த தொழிலாளி நல்ல நேரத்தில் கண்டு, சிவப்புத் துணியை வீசி வண்டியை நிறுத்தியிருக்கிறார். வண்டி நிறைய ஜனம். போலீஸ் பழைய இரும்புக்கடை, கொல்லப்பட்டறை ஒன்று விடாமல் ஏறி இறங்கத் தொடங்கியது.

மறுநாள் காலை ரப்பர் விளையில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜெயதாஸ் வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"பொன்னப்பண்ணே, நான் செத்தேன்."

"நெஜமாட்டு ரயிலாலே அது?"

"கர்த்தர் சத்தியமாட்டு சொல்லுகேன், லீஃபு. டெனிலுக்க ஜீப்புக்க லீஃபு."

என் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது.

டெனில், மரியம்மாவின் தம்பி. தாய் செத்தபிறகு அவள்தான் அவனுக்குச் சோறூட்டி வளர்த்தாள். அம்பூரி மலைப்பாதையில் ட்ரிப் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் ஜீப் சரிவில் உருண்டது, பையன் போய்விட்டான். நொறுங்கிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்தபோது மரியம்மா ரோட்டில் நின்று சொன்னது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "இதுக்க ஒரு ஆணி எனக்க முற்றத்துல வரப்பிடாது. வந்தா அண்ணைக்கு நான் இறங்கிப் போவேன்." சொன்னால் செய்கிறவள். அதற்குப் பிறகு அவள் ஜீப்பில் கால் வைத்ததில்லை. எத்தனை தூரமானாலும் நடப்பாள்.

"பின்ன எதுக்குலே அத எடுத்த, மூதேவி?"

"பழைய இரும்பு எடுக்குற ஆக்கர்க்காரன் லீஃபத் தூக்கிப் போடும்பம் மணி அடிச்சது மாதிரி ஒரு சத்தம் அண்ணே. டெனில் ஓட்டின வண்டியில்லா. விட்டுட்டு வர மனசு வரல்ல."

இரும்பு மேல் ஆசையா, மச்சினன் மேல் பாசமா? அவனுக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல? லீஃபு என்று சொன்னால் எந்த ஜீப் என்று கனகதாஸ் துருவித் துருவிக் கேட்பார், மரியம்மா காதுக்குப் போகும். அதனால்தான் ரயில் என்றிருக்கிறான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

"போலீசுட்ட உள்ளதச் சொல்லு."

"சொன்னா மரியம்மா அறிவா. போயிருவா அண்ணே."

"சொல்லலேன்னா நீ போவ, ஜெயிலுக்கு. கத்தி முந்தின வாரமே அடிச்சதுன்னா போலீசு கேக்குமா? கத்தி எங்கலே?"

அவன் விரலை மேலே காட்டினான். என் வீட்டுக்கு மேற்கே நிற்கிற தென்னையின் மண்டையில் சொருகி வைத்திருக்கிறானாம்.

"அட பாவி, எனக்க தெங்குலயா! உனக்க தெங்குக்கு என்ன வந்தது?"

அன்றைய பால் வெட்டை அதோடு விட்டுவிட்டேன்.

அன்று உச்சிக்கு முன் ஆசாரியின் பட்டறை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மலையாளத்துக்கார எஸ்.ஐ., கூட இரண்டு போலீஸ்காரர்கள். ஊரே கூடிவிட்டது. "இவிடெ ரயிலின்றெ இரும்பு கொண்டு கத்தி உண்டாக்கியது ஆரா?" என்று எஸ்.ஐ. கேட்டார். அவர் கனகதாஸைப் பார்த்து, "தனிக்கு இரும்பு கண்டால் அறியாமோ?" என்றார், இரும்பைப் பார்த்தால் தெரியுமா என்று.

அதைக் கேட்டிருக்கக்கூடாது. கனகதாஸுக்கு ஜெயதாஸ் மேல் ஒரு விரோதமும் கிடையாது. ஆனால் இரும்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுவிட்டால், எதிரே கர்த்தரே நின்றாலும் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

"அறியாம் சாரே. ஜெயதாஸுக்க கத்தி ரயிலாக்கும். லீஃபுக்கு அந்தச் சத்தம் வராது."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் சாம்பலாயிற்று. அந்த வாயில் ஒரு குத்துவிட வேண்டும் என்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

ஜெயதாஸைப் பிடித்தார்கள். கத்தி எங்கே என்று ஒரு அதட்டல் போட்டதும் அவன் இடத்தைச் சொல்லிவிட்டான், என் வீட்டுத் தென்னைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தினமும் மரம் மரமாக ஏறுகிறவனுக்குக் காலில் தளைக்கயிறு போடத் தெரியவில்லை. கயிறு இரண்டுதரம் நழுவி விழுந்தது. அதற்குள் மரியம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"எதுக்கு இப்பிடி விறைக்கிய? நீங்க கள்ளனா? ஏறி எடுத்துக் காட்டுங்க."

ஏறினான். பாதி மரத்தில் கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அன்று பாட்டு இல்லை. கத்தியோடு இறங்கியபோது மார்பெல்லாம் சிராய்ப்பு.

"ரயிலின்றெயாணோ?" என்றார் எஸ்.ஐ.

ஜெயதாஸ் மரியம்மாவைப் பார்த்தான்.

"கேறெடா வண்டியில்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான். எனக்குத் தெரிந்ததை நான் கத்திச் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். ஜெயிலுக்குப் போகத் தீர்மானித்துவிட்டான், பயந்தாங்கொள்ளி! அப்போதுதான் மரியம்மா அவனுக்கு முன்னால் போய், ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் காலைத் தூக்கி வைத்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"நானும் வாறேன். இவங்கள ஒத்தைக்கு விடமாட்டேன்."

ஜெயதாஸ் பார்த்தான். அவ்வளவுதான், உடைந்துவிட்டான்.

"மரியம்மா, ஏறாத! இறங்கு! ஆசாரியே, பிடிய உடையும். உடைச்சுக் காட்டும்!"

ஆசாரி கல்லில் வைத்து மரப்பிடியைப் பிளந்தார். உள்ளே இருந்த வால்பகுதியில் சுண்டுவிரலும் நுழையாத ஒரு ஓட்டை. எஸ்.ஐ. பேனாவை விட்டுப் பார்த்தார். ரயில் பாதைத் தகடுகளின் ஓட்டையில் கட்டைவிரலே போய்வரும், அது அவருக்குத் தெரியாதா?

"இது லீஃபின்றெ நடு போல்ட்டு இடுந்ந ஓட்டயாணல்லோ. ஏது ஜீப்பிலெ?"

"டெனிலுக்க" என்றான் ஜெயதாஸ்.

எஸ்.ஐ. கத்தியை அவன் கையில் போட்டு, "இனி வாயடக்கி நடந்நோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மரியம்மா பிடியில்லாத கத்தியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"போன வாரம் அவனுக்க ஆண்டு ஜெபத்துக்கு வந்தவங்களுக்கு மரச்சீனிக் கிழங்கு இதுலயாக்கும் வெட்டினேன், ஒண்ணும் அறியாம."

கத்தியோடு வீட்டுக்கு நடந்தாள். ஜெயதாஸ் பின்னால் போனான். போலீஸ் முன்னால் நின்றதைவிட இப்போதுதான் அவனுக்குப் பயம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நானும் கனகதாஸும் ஆசாரியும்தான். ஜெயதாஸ் வீட்டில் அடுப்பு எரிகிறதா, மரியம்மா இருக்கிறாளா என்று பக்கத்து வீட்டுக்காரன் எனக்கே எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்போது அவளே பட்டறைக்குள் வந்தாள். நாங்கள் எழுந்துவிட்டோம். கத்தியைக் கனகதாஸிடம் நீட்டினாள்.

"கனகதாஸண்ணே, இது என்ன இரும்பு? சொல்லும்."

அவர் வாங்கி, காதில் வைக்கவில்லை. சுண்டவும் இல்லை.

"லீஃபு" என்றார்.

"எதுக்க லீஃபு?"

"டெனிலுக்க ஜீப்புக்க."

"ஆ. இனி எவனாவது எனக்க தம்பிக்க கத்திய ரயிலுன்னு சொன்னா, இறங்கி வந்து கேப்பேன்." ஆசாரியிடம் திரும்பினாள். "நல்லதா ஒரு பிடி போட்டுத் தாரும். அவங்க கைக்கு அளவு பாத்து."

ஜெயதாஸ் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரப் பயம்.

"வாங்க. கையக் காட்டுங்க" என்று கூப்பிட்டாள்.

வந்தான். ஆசாரி அளவெடுத்து முடிக்கிறவரை அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மரியம்மாதான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.