கைநாட்டு இல்லாத மனு

என் அக்காளைச் சட்டசபைக்கு அனுப்பியது ஒரு மாலைப் பள்ளி. ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிதில், குடிபாலாவை அடுத்த எங்கள் ஊரில், தம் பெயரைக்கூட எழுதத் தெரியாத உழவர்களுக்காக அதைத் தொடங்கினாள். வாத்தியார் நான். அரசாங்கம் இலவசமாகத் தந்தது தெலுங்குப் பாடப்புத்தகம் ஒன்றே. வீட்டில் தமிழ் பேசியவர்கள் தெலுங்கில் பெயரெழுதப் பழகினார்கள். இனி எவரிடமும் கட்டைவிரலை நீட்ட வேண்டியதில்லை என்ற அவர்களது பூரிப்பே தேர்தலில் வாக்குகளாயிற்று.

பின்னர் எல்லையை வகுக்க ஓர் அதிகாரி சித்தூருக்கு வந்தார். எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கோரி மனு எழுதினோம். தன் கட்சி சினக்கும் என்று அறிந்தும், தானே அதைக் கொடுப்பதாக அக்காள் ஒப்புக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் கைநாட்டே வாங்கிடு தம்பி. சீக்கிரம் முடியும்."

"எழுத்து கத்துக்குன ஊரு இது, அக்கா. ஒரு கைநாட்டுகூட இருக்கக் கூடாது" என்றேன். பெருமை என் கண்ணை மறைத்திருந்தது.

அதிகாரி மனுவைப் புரட்டினார். பக்கந்தோறும் தெலுங்குக் கையெழுத்து.

"தமிழர் என்கிறீர்கள். ஒருவருக்குமா தமிழில் கையெழுத்து வராது?"

அக்காள் பள்ளியின் கதையைச் சொன்னாள்.

"அதை நடத்தியது யார்?"

"நான்தான்" என்றாள்.

அவர் பேனாவை மூடினார்.

எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. நாங்கள் ஆந்திரத்திலேயே தங்கினோம். ஊர் கூடியது. என்னிடம் முதன்முதலில் எழுதக் கற்ற பெரியவரே எழுந்தார்.

"எங்கள தெலுங்குக்காரனுக்கு எழுதிக் குடுக்கத்தான் எழுத்து சொல்லிக்குடுத்தியாம்மா? உனக்கு மந்திரி காரு எப்போ வருது?"

சிரித்தார்கள். அக்காள் ஒரு முறை என்னைப் பார்த்தாள். கைநாட்டு வேண்டாமென்றவன் நான் என்பதை நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த தேர்தலில், மனு கொடுத்ததற்காகக் கட்சி அவளைக் கைவிட்டது. தனித்து நின்றாள், மனு தோற்றதற்காக ஊர் கைவிட்டது. திருப்பதியில் ஒற்றை அறையில் குடியேறினாள்.

அடியார்கள் தம் குற்றங்களை இறைவனிடம் சொல்லிக் கசியும் பாசுரங்களை நாள்தோறும் ஓதுகிறேன். குரல் தழுதழுக்கிறது, கண்ணீரும் வருகிறது. ஊர் நடுவே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பாகப் பத்திரத்தில் ஒப்பம் வாங்க அவளிடம் போனேன். பேனாவை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. மைப்பெட்டியைக் கேட்டாள். கட்டைவிரலைத் தோய்த்து, என் கையெழுத்துக்கு அருகில் அழுத்தினாள்.

"சீக்கிரம் முடிஞ்சிதா தம்பி?" என்றாள்.