பாதியில் நின்ற ஆராதனை

நான் இப்போது குருவானவர். அங்கி போட்டு, பீடத்தில் நின்று, அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற பெண். இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் நான் வெறும் சபை ஊழியர். பெண்ணைக் குருவாக்குவது பற்றி எங்கள் அங்கிலிக்கன் சபையில் யாராவது கதைத்தால், அதைப் பகிடி என்று எண்ணிச் சிரித்துவிட்டு எல்லாரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

எனக்கு அது பகிடி இல்லை. முதலில் இறையியல் படிக்க வேண்டும். படிக்க ஆயர் அனுப்ப வேண்டும். ஆயர் அனுப்புவதற்கு, சபை நிர்வாகத்தின் மூத்தவரான வார்டன் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் வார்டன் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். முத்திரை சரிந்து ஒட்டியிருந்தாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தே உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டியவர். என் கடிதத்தை அவரிடம் மூன்று தரம் கொண்டுபோனேன். மூன்றாம் தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“பிள்ள, நீ நல்ல பிள்ளதான். ஆனா பொம்பிளை பீடத்தில நிக்கிறதுக்கு என்ட கையெழுத்து வராது.”

வீட்டுக்கு வந்து ஒரு பானையைப் போட்டு உடைத்தேன். பழைய பானைதான்.

எங்கள் கோயில் சின்னது. சுற்றிவர முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும். குருவானவர் மட்டக்களப்பில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸில் வருவார். அந்த பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். எட்டு மணிக்கு நான் ஆராதனையைத் தொடங்குவேன். வாசிப்பு, பிரசங்கம், மன்றாட்டு எல்லாம் என் பங்கு. காணிக்கைப் பாட்டுப் பாடும்போது பாதர் பின்கதவால் நுழைந்து, அங்கியை மாட்டிக்கொண்டு பீடத்துக்கு வருவார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதிக்கும் மன்றாட்டைச் சொல்ல அவருக்கு மட்டுமே அதிகாரம். நான் அரிந்து, அரைத்து, ஆக்கி வைக்க, அவர் வந்து பரிமாறிப் பெயர் வாங்குகிறார் என்று உள்ளுக்குள் முணுமுணுப்பேன்.

ஓர் ஆவணி மாத ஞாயிறு, காணிக்கைப் பாட்டு முடிந்தது, பாதரைக் காணவில்லை. மறுபடி பாடினோம். ஒன்பதரை ஆனது. தொடங்கிய ஆராதனையை விட்டுப் போகவும் முடியாது, மேலே கொண்டுபோகவும் முடியாது. கடல் நடுவே காற்று விழுந்த தோணி மாதிரி இருந்தோம். பத்து மணிக்கெல்லாம் கிறிஸ்மஸ் பாட்டுகள் வரை வந்துவிட்டோம்.

பசி வேறு. எங்கள் சபையில் நற்கருணை வாங்கும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. பாதர் உத்தரவு தந்தால்தான் அந்த நோன்பை விடலாம். பாதரோ எங்கோ வழியில்.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர், மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சேலை கட்டிப் புத்தகம் பிடிக்கிற எவரும் அவருக்கு டீச்சர்தான்.

“என்ன டீச்சர், இன்டைக்கு முடியல்லியா?”

“பாதர் வரல்ல காக்கா. அவர் வரும்வரைக்கும் ஒருத்தரும் சாப்பிட ஏலாது.”

“எங்கட நோன்பு பொழுதுபட்டு மஃரிபு வந்தாத் திறந்திரும். உங்கட நோன்பு பஸ் வந்தாத்தான் திறக்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். வார்டன் முன்வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சீனி வருத்தம்; நீரிழிவுக்காரர் இவ்வளவு நேரம் பசி கிடக்கக் கூடாது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“பிள்ள, உனக்கு அந்த மன்றாட்டுப் பாடந்தானே?”

“ஓம், ஐயா.”

“அப்ப நீயே சொல்லி முடி. ஆருக்குத் தெரியப்போகுது?”

மன்றாட்டு வாயில் வந்து நின்றது. ஒரு வரி தவறாமல் எனக்கு வரும். ஆளில்லாத கோயிலில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தரம் சபைக்கு முன்னால் சொன்னால், ஆயர் என்னை ஆயுளுக்கும் பீடத்துப் பக்கம் விடமாட்டார். ஆசையையும் மிஞ்சி எனக்கு அப்போது வந்தது குறும்பு.

“நான் பொம்பிளையல்லோ, ஐயா.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். நல்ல ருசியாகவும் இருந்தது.

அந்த ருசி ஐந்து நிமிடம்தான். அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. உதடு வெளிறிப்போயிற்று. நான் பயந்துபோய் வெளியே ஓடினேன். காக்கா ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டு, சீனி அள்ளிப் போட்ட தேநீரும் ஒரு தட்டு நிறையப் பணிஸ் பன்னுமாகக் கோயில் வாசலுக்கே வந்துவிட்டார்.

“எங்கடதில வருத்தக்காரனுக்கு நோன்பு கடமையில்ல டீச்சர். முதல்ல குடிக்கச் சொல்லுங்க.”

வார்டன் தலையை ஆட்டினார். “பாதர் உத்தரவு தரல்ல” என்றார், பல் கிட்ட. சபையில் மற்றவர்களும் அப்படியே இருந்தார்கள். பணிஸைப் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. பீடத்தின் படியில் ஏறி நின்றேன்.

“நோன்பு முடிஞ்சுது! எல்லாரும் சாப்பிடுங்க! ஐயா, குடிங்க!”

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். வார்டன் குடித்தார். கோயில் முழுவதும் பணிஸ் சாப்பிட்டது.

பன்னிரண்டரைக்கு பாதர் வந்தார். பஸ் கல்லாற்றில் நின்றுபோய், மருதமுனை வியாபாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளில், விற்கக் கொண்டுவந்த கைலிச் சாரங்களின் கட்டுக்கு மேல் உட்கார்ந்து வந்திருந்தார். மடியில் பணிஸ் துகளோடு இருந்த சபையைப் பார்த்தார்.

“ஆர் உத்தரவு தந்தது?”

எல்லா விரல்களும் என் பக்கம் நீண்டன. துப்பறிய ஆள் தேவைப்படவில்லை.

அடுத்த நாளே வார்டன் ஆயருக்கு முறைப்பாடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். என் படிப்பு அதோடு முடிந்தது என்று மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு ஆயர் வந்தார். எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கடிதத்தை உரக்க வாசித்தார்: “இவர் பீடத்தின் படியில் நின்று, குருவானவருக்கே உரிய தொனியில், நோன்பை முடிக்கும்படி கட்டளையிட்டார். என்னையும் சேர்த்துச் சபையார் அனைவரும் உடனே கீழ்ப்படிந்தோம்.”

“எந்த நூலைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“பக்கத்துக் கடைக் காக்கா சொன்னவர், ஆண்டகை.”

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு வார்டனிடம், “உங்கட பாதர் சொன்னா சபை இப்பிடி உடனே கேக்குமா?”

வார்டன் நேர்மையான மனிதர். அதுதான் அவரிடம் உள்ள பிரச்சினை. நன்றாக யோசித்தார். “இல்ல ஆண்டகை. ஒருநாளும் கேக்காது.”

“அப்ப இதுக்கு மேல எனக்குச் சிபாரிசு தேவையில்ல.” ஆயர் அந்தக் கடிதத்தை என் விண்ணப்பத்தோடு சேர்த்து ஊசியால் குத்தினார்.

“ஆண்டகை, அது முறைப்பாடு!”

“ஓம். சரியா எழுதியிருக்கீங்களா எண்டு ஒருக்காப் பாருங்க.”

வார்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆயரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஒண்டு விடுபட்டுப் போச்சு. அண்டைக்கு இவ சத்தம் போடாட்டி நான் செத்திருப்பன். அதை எழுத வெக்கமா இருந்திச்சு.”

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் மறந்துபோய், ஆயருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.