கேட்கிற பெட்டிக்கு ஒரு மூடி

சாயங்காலம் நான்கு மணிக்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. கிரேன் ஏணியில் பாதி ஏறும்போதே அண்ணன் ஜெர்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

பக்கத்து நாசரேத் ஊரில் பிறந்து, இந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே ஆயுளைக் கழித்தவர். அண்ணி போன பிறகு எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். யாரையும் எளிதில் நம்பமாட்டார், பால்காரரைக்கூட. மாடியிலும் கீழேயும் டிவியோடு இணைத்திருந்த கறுப்புப் பெட்டியை அறவே நம்பவில்லை. கூப்பிட்டால் விழித்து, கேட்ட படத்தைப் போடுகிற பெட்டி அது.

குடும்ப ஜெபத்தில் அவரவர் குறையை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். அண்ணன் மட்டும் மாடியிலேயே தனியாக வாய்விட்டு ஜெபித்தார். டிவி சத்தம் சட்டென்று நின்றால், முழங்காலில் நிற்கிறார் என்று கீழே எங்களுக்குத் தெரியும். சத்தத்தை அடைத்தால் பெட்டியின் காதும் அடைபட்டுவிடும் என்று அவருக்கு நினைப்பு. நெஞ்சுவலி வெளியே தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், அதைக் கர்த்தரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் போன பிறகு, தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டையைப் பார்த்தபோதே எங்களுக்கு அது புரிந்தது.

சாவதற்குச் சில வாரம் முன்பு அவர் டிவியில் இருதய ஆஸ்பத்திரி விளம்பரங்கள் வரத் தொடங்கின. கிரிக்கெட் பார்க்க வந்த லிங்கராஜ், கூட வேலை பார்ப்பவர், கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, ஓவருக்கு ஓவர் நெஞ்சுவலியாக் காட்டுதான்? ஒங்களுக்கு ஏதும் உண்டுமா?"

"எனக்கென்னல? ஒன் மூஞ்சியப் பாத்துல்லா போடுதான்!"

லிங்கராஜ் போனதும் பெட்டியின் மைக் துளையில் பிளாஸ்திரி ஒட்டினார். அன்றிலிருந்து, அடுத்து கடைக்கு வரப்போகிற பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதே அவர் பேச்சு.

"கேக்கும்போது செவப்பு லைட் எரியணும். காதுக்கு ஒரு மூடி வேணும், நாமளே மூடுத மாதிரி. யாருகிட்ட என்னத்தச் சொல்லிச்சுன்னு கேட்டா, ஒளிக்காமச் சொல்லணும்."

"அப்படி எதண்ணே கேட்டுட்டு அது?" என்றேன்.

"ஏளா பெர்சி, பால் பொங்குது பாரு."

அடுப்பில் பாலே இல்லை.

பெட்டிதான் கேட்டதா, அவரே போனில் எதையாவது தேடினாரா, தெரியவில்லை. அடக்கத்துக்கு மறுநாள், நாங்கள் ஜெபித்து எழுந்ததும், கீழே எங்கள் டிவியிலும் அதே விளம்பரம் வந்தது. நான் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

மாடியில் அவருடைய பெட்டி திறந்தபடி கிடக்கிறது. மைக்கை அணைக்க அவரே ஒரு சுவிட்ச் பொருத்திக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு கம்பிகளில் ஒன்றைத்தான் பற்றவைத்திருக்கிறார்.