மாரியாத்தா என் வாயைத் தெறந்து உட்டா

தொண்ணூத்தஞ்சாம் வருசம் வாக்குல நான் உடுமலை–கோயமுத்தூர் ரூட்ல பஸ் ஓட்டிக்கிட்டிருந்தேனுங்க. ஒரு சாயங்காலம் ஒரு பொம்பளை குறுக்க ஓடி வந்து, என் பஸ்ஸுல அடிபட்டு, கண்ணு முன்னாலயே உசுரை உட்டுட்டாங்க. என் மேல தப்பில்லைன்னு போலீசே சொல்லிப்போட்டாங்க. ஆனா அதைப் பத்தி நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசலை.

சில மாசத்துல வலிப்பு வந்துச்சு. கை கால் உதறும். கூப்பிடறது எங்கியோ தூரத்துல கேக்கும், பதில் சொல்ல வராது. ஓடி வர்றவங்க என் கையில சாவிக்கொத்தைத் திணிப்பாங்க. மாத்திரைக்கும் நிக்கலை. வேலை போச்சு. "நடிக்கறான்"னு பஸ் ஸ்டேண்டுல பேசுனது என் காதுலயே உழுந்துச்சு. அன்னிக்கு மாரியாத்தா கோயில்ல போயி உழுந்தேன். "தாயே, வழி காட்டு. இல்ல, என்னை எடுத்துக்கோ."

அடுத்த வாரம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில தலையில ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுக்கறப்பவே வலிப்பு வந்துச்சு. டாக்டர் பாத்துட்டு, "இது மூளைக் கோளாறு இல்லீங்க. நடிப்பும் இல்ல. மனசு தாங்காதது உடம்புல வருது"ன்னாரு. என் சம்சாரம் சரசு அங்கியே அழுதுபோட்டா.

ஆர்.எஸ்.புரத்துல மனநலம் பாக்கற ஒரு மேடத்துகிட்ட அனுப்புனாரு. நாலஞ்சு தடவை போயும் நான் வாயே தெறக்கலை. ஒரு நாள் மேடம் கேட்டாங்க, "மனசு கஷ்டம்னா யாருகிட்டங்க சொல்லுவீங்க?"

"மாரியாத்தாகிட்டங்க."

"அப்ப எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க. அவகிட்டயே சத்தமாச் சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கறேன்."

"தாயே"ன்னு ஆரம்பிச்சேன். செத்தவங்க கட்டியிருந்த மஞ்சச் சீலை, பிரேக் சத்தம், எல்லாம் வெளிய வந்துச்சு. கொழந்தையாட்டம் அழுதேன். கை உதற ஆரம்பிச்சுது. "காலைத் தரையில அழுத்துங்க, மூச்சை மெதுவா உடுங்க"ன்னாங்க. உதறல் அடங்கிப்போச்சு.

சரசுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. சாவியெல்லாம் வேண்டாம், அடிபடாமப் பாத்துக்கிட்டு மெதுவாப் பேசுனாப் போதும்னு. மாத்திரையை டாக்டரே கொஞ்சங்கொஞ்சமாக் கொறைச்சாரு. ஒரே நாள்ல நிக்கலீங்க. இடையில ரெண்டு தரம் வந்து என்னை அழ வெச்சுது. இப்பப் பல வருசமாச்சு, வரலை. தேங்காய் மண்டியில வேலை பாக்கறேன். செத்துப்போன அந்தப் பொம்பளைக்கும் சேத்து வெள்ளிக்கிழமை வெளக்குப் போடறேன்.

இந்த மாதிரி வலிப்பு வர்றவங்களை நடிக்கறாங்கன்னு சொல்லிப்போடாதீங்க. ஆத்தாளைக் கும்புடுங்க, டாக்டர்கிட்டயும் போங்க. ரெண்டும் அவ காட்டுற வழிதானுங்க. இங்க ஆத்தா கோயில்ல உக்காந்திருக்கறவங்கள்ல யாருக்காச்சும் உள்ளுக்குள்ள சொல்ல முடியாத பாரம் இருந்தா, பூசை முடிஞ்சதும் எங்கிட்ட வாங்க. டாக்டர்கிட்டத் தனியாப் போகப் பயமா இருந்தா, நான் கூட வாரேனுங்க.